ரெண்டர் ஃபைல்களை அழித்தது அத்தான்தான்

வேலை முடிந்ததும் மேஜையைத் துடைக்காமல் வீட்டுக்குப் போகிறவனை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தருகிறவர் நீங்கள். எத்தனை சோம்பேறிகளைப் பார்த்திருப்பீர்கள். அழிந்த தேதியை வேறு கண்டுபிடித்துவிட்டீர்கள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தானைப் பெரிய எடிட்டர் என்று எல்லோரும் மெச்சுவார்கள். அவர் கம்ப்யூட்டரைத் திறந்தால் எனக்குக் குமட்டும். ஒரே விளம்பரத்துக்கு 'கடைசி', 'புதுக் கடைசி', 'இதுதான் கடைசி' என்று பதினொரு ஃபைல். மூன்று வருடத்துக்கு முன் முடிந்த வேலையின் ரெண்டர் ஃபைல்களும் அப்படியே கிடக்கும். ரெண்டர் என்பது எடிட் செய்த படம் தடங்கலில்லாமல் ஓடுவதற்காக மெஷின் செய்துவைக்கும் நகல், அவ்வளவுதான். ஒரிஜினல் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பச் செய்துகொள்ளலாம். ஸ்டுடியோவின் டிஸ்க்கும் பேக்கப்பும் என் பொறுப்பு. அழியுங்கள் அழியுங்கள் என்று சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

"இருக்கட்டும் மச்சான், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்.

என் அக்கா இறப்பதற்கு முந்தைய மாதம் அவளை உட்காரவைத்து ஏழு மணி நேரம் படம் எடுத்தார். மகளுக்கு அப்போது நான்கு வயது. வளர்ந்த பிறகு பார்க்கட்டும் என்று அக்கா அவளிடம் பேசியிருந்தாள். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனையும் உச்சத் தரத்தில், டிஸ்க்கில் கால்வாசியை அடைத்துக்கொண்டு. படுத்த படுக்கையாகக் கிடந்தவள் பேசியதைக் கேட்க அவ்வளவு தெளிவு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதலில் மொத்தத்தையும் ரெண்டர் செய்துவைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் ஒரிஜினல்களை அழித்தேன். பேக்கப்பையும் அழித்தேன். அந்த இடத்தின் மேல் வெற்று டேட்டாவை மூன்று முறை எழுதினேன். உங்கள் கெட்டிக்காரத்தனம் அங்கே செல்லாது, வீணாக மெனக்கெட வேண்டாம்.

அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ரெண்டர் இருந்ததால் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மாதம் தினமும் காலையில் போட்டுப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும் என்று தனிப் படமாக வெளியே எடுக்கவும் இல்லை. இருபது வருட எடிட்டர், ஒரிஜினல் இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? அதற்கும் நானா பொறுப்பு?

நான் காலி செய்துகொடுத்த இடத்தையும் அவர் குப்பையால் நிரப்பினார். போன வாரம் மெஷின் நின்றேவிட்டது.

"ரெண்டர் எல்லாத்தையும் தூக்கிடுங்க அத்தான். ஒரிஜினல்தான் இருக்கே" என்றேன்.

"நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்று சிரித்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நான் சொன்னதைக் கேட்டார். பட்டனை அழுத்தியது அவர் விரல்.

சாயங்காலம் மகள் அவர் மடியில் ஏறிக்கொண்டு, "அம்மாவப் போடுங்கப்பா" என்றாள். திரை கறுப்பாகவே இருந்தது. அன்றிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. தன் கையாலேயே அழித்துவிட்டதாக நினைக்கிறார். நான் மறுத்துப் பேசவில்லை. இனிமேலாவது ஒழுங்காக இருப்பார்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அழிக்கிறவன் இல்லை நான். ஏழு மணி நேரத்தையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அழித்தேன். அக்கா தன் மகளுக்கு எல்லோரைப் பற்றியும் சொல்லியிருந்தாள். மாமியார், பக்கத்து வீட்டுக்காரி, வலிக்காமல் ஊசி போட்ட நர்ஸ், லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்த ஆள் வரைக்கும். உனக்கு ஒரு மாமா இருக்கிறான் என்று மட்டும் எங்கேயும் சொல்லவில்லை. விட்டுப்போயிருக்குமோ என்று முதலிலிருந்து இன்னொரு தடவையும் பார்த்தேன். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிஸ்க்கில் இடம் இல்லை, அதனால் அழித்தேன்.