கோடு ஏன் ஏறுது?

அய்யோ, சத்தமா கேக்காதீங்க சார். முதலாளி உள்ள போன் பேசிட்டிருக்காரு, முடிஞ்சதும் உங்களைத்தான் கூப்பிடுவாரு. ரிட்டயர்மென்ட் பணம்னு சொன்னீங்கல்ல? அதான் என் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.

அந்த சாஃப்ட்வேரா? பழைய ஷேர் விலையை எல்லாம் எடுத்து, அதலபாதாளத்துக்கு விழுந்த ஷேரா பாத்து வாங்கி வச்சிருந்தா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்னு படம் போட்டுக் காட்டும். கோடு மாடிப்படி கணக்கா ஏறும். பாக்கறவங்க வாயைப் பொளந்துருவாங்க. நீங்களும் நோட்டீஸ்ல அதைப் பாத்துட்டுத்தானே வந்தீங்க?

ஏன் ஏறுதுன்னு கேளுங்க. விழுந்து, அப்புறம் எந்திரிக்காமலே இழுத்து மூடிட்டுப் போன கம்பெனி எத்தனையோ இருக்கு. அதையெல்லாம் லிஸ்ட்ல இருந்து எடுத்துருவோம். நாங்கன்னா, நான்தான். டேட்டா பாக்கறது என் வேலை. எடுக்கலைன்னா கோடு அசிங்கமா இருக்குமாம். செத்தவங்க பேரை எல்லாம் அடிச்சுட்டு, எங்க தெருவுல யாருமே சாகறதில்லன்னு சொன்னா எப்படி இருக்கும்? த்தூ!

ஆரம்பத்துல தெரியாமத்தான் சார் நடந்துச்சு. மூடிட்டதால விலை வராத கம்பெனியை எடுத்துட்டா புரோகிராம் மக்கர் பண்ணாம ஓடுச்சு, அவ்வளவுதான். இது தப்புன்னு நானே முதலாளிகிட்ட போய்ச் சொன்னேன். சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு!

அவரு இதுல போட்டிருக்காரான்னா? நல்லா கேட்டீங்க. ஒத்தக் காசு போட மாட்டாரு.

எங்கப்பா போட்டாரு. இதே சேர்லதான் உக்காந்திருந்தாரு, மருமகன் செஞ்ச சாஃப்ட்வேருன்னு பெருமை தாங்கல. ஆமா சார், உள்ள இருக்கறது என் வீட்டுக்காரர்தான். விழுந்து கெடந்த ஒரு கம்பெனியில அப்பா மொத்தத்தையும் போட்டாரு. போன மாசம் அதை மூடிட்டாங்க. இப்ப மருமகன் வீட்டுக்குள்ள வந்தா எந்திரிச்சு நிக்கறாரு சார், ஏதோ தான் தப்பு பண்ணிட்ட மாதிரி. நேத்து இந்த மனுஷன் டீ குடிச்சுக்கிட்டே எங்கிட்ட சொல்றாரு, அந்தக் கம்பெனியையும் லிஸ்ட்ல இருந்து எடுத்துரு, நாளைக்கு ஒருத்தர் பாக்க வராருன்னு.

ம், அந்த ஒருத்தர் நீங்கதான்.

எடுக்கலை சார். காலையில வந்து, இதுவரைக்கும் எடுத்தது அத்தனையும் திரும்ப உள்ள போட்டுட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது.

இந்தா, கூப்பிடறாரு. போங்க. நீங்க கோட்டை மட்டும் பாருங்க. அவரு மூஞ்சியை நான் பாத்துக்கறேன்.