என் கை போட்ட பிணைப்பு

குழந்தைகளோடு விடுமுறைக்குப் போகிறவர்கள் என்னைக் கேட்டால் ஹவ்ரானாவுக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் ஊர் யெல்ஷினாவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மலைமுகடுதான் இருக்கிறது. சாலை வழியாகப் போனால் பன்னிரண்டு கிலோமீட்டர். ஹவ்ரானாவில் நாற்காலி லிஃப்ட் உண்டு, வெந்நீர்க் குளம் உண்டு, பனியில் சறுக்கத் தெரியாத பிள்ளைகளை மேலே கொண்டுபோக ஓடும் கம்பளம்கூட உண்டு. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சரிவு, ஆளை இழுத்துக்கொண்டு போகும் பழைய லிஃப்ட், மதியத்துக்கு முட்டைக்கோஸ் சூப். அந்த லிஃப்டை முப்பத்தோரு வருடமாக ஓட்டுகிறவன் இந்தக் கெய்ஸாதான். இருந்தும் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன் பாருங்கள்.

ஆனால் உங்கள் விபத்து விசாரணை அறிக்கையில் ஒரு பொய் இருக்கிறது, ஐயா. அதைத் திருத்தத்தான் வந்தேன். 'கயிற்றைப் பிணைத்தவரின் முதுமையாலும் கவனக்குறைவாலும்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது. என் கை இதுவரை நடுங்கியதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் லிஃப்ட் கயிற்றை வெட்டிப் பிணைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் ஹவ்ரானாக்காரர்களும் என்னையே கூப்பிடுவார்கள்.

என் மகள் ஸ்லாவ்கா பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக்கு வருடா வருடம் என் வீட்டுக்கு வருவாள். கூடவே அவள் கணவன் ரிஹார்தும், எட்டு வயது மகள் எலிஷ்காவும் வருவார்கள். போன வருடம் குழந்தை பாதிச் சரிவில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். எழுந்து கீழே வரச் சொன்னேன். பிறகு அதே இடத்துக்கு ஆறு முறை நடந்து ஏற வைத்தேன். குளிரில் விரல் கொஞ்சம் நீலமானது, அவ்வளவுதான். அன்றைக்கே சறுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அதற்குப் போய் ரிஹார்த் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த வருடம் ஜனவரி முதல் வாரத்தில் ஸ்லாவ்கா போன் செய்தாள்.

"கோச்சுக்காதப்பா. ரெண்டு எடத்தையும் பேப்பர்ல எழுதி வச்சுப் பாத்தோம். எது நல்லது, எது கெட்டதுன்னு. இந்தத் தடவ ஹவ்ரானாவுக்குப் போலாம்னு இருக்கோம்."

"ஹவ்ரானால என்ன கொட்டிக் கெடக்கு?"

"குளம் இருக்கு. எலிஷ்கா ஆசப்படறா."

"இங்க நான் இருக்கேன்ல?"

"அதையும் எழுதினோம்ப்பா."

"எந்தப் பக்கத்துல எழுதின? நல்லதுலயா, கெட்டதுலயா?"

அவளுக்குப் பின்னாலிருந்து ரிஹார்தின் குரல் கேட்டது: "ஒரு நாள் சாயங்காலம் எட்டிப் பாத்துட்டுப் போறோம்னு சொல்லிட்டு வை." பெற்றவனை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்களாம். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஹவ்ரானா லிஃப்டுக்குப் பொறுப்பான தலைவர் வெந்தெலின் கூப்பிட்டார். லிஃப்டின் புது எஃகுக் கயிறு நீண்டு தொய்ந்திருந்தது, வெட்டிச் சுருக்க வேண்டும். இரண்டு முனைகளிலும் முறுக்கிய கம்பி இழைகளான புரிகளைப் பிரித்து, நாற்பது தப்படி தூரத்துக்கு ஒன்றோடொன்று பின்னி, ஒவ்வொரு புரியின் வாலையும் கயிற்றின் வயிற்றுக்குள் செருக வேண்டும். வால் இரண்டரை மீட்டர் உள்ளே போக வேண்டும். நான் ஒரு மீட்டர் செருகினேன், மிச்சத்தை வெட்டிவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரியாதபடி செய்வதற்குக் கை வேண்டும், ஐயா. நடுங்குகிற கையால் அது முடியாது.

என் கணக்கு எளிமையானது. இரண்டு மூன்று வாரம் ஓடினால் ஏதாவது ஒரு வால் வெளியே எட்டிப் பார்க்கும். பார்த்தவுடன் லிஃப்டை நிறுத்துவார்கள், என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு முதுகுவலி வந்திருக்கும். விடுமுறை வாரம் முழுவதும் லிஃப்ட் நிற்கும், என் பெண் என்னிடம் வருவாள். யாருக்கும் ஒரு கீறல் விழுந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கயிறு பிணைத்தவன்தான் முதல் சுற்றுத் தனியாக ஏறி வர வேண்டும். நானும் ஏறினேன். ஒற்றை ஆள் பாரத்தை அது தாங்கும் என்று எனக்குத் தெரியும். செருகும்போதே பக்கத்தில் நின்று வால்களை அளக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வெந்தெலின் அளவு நாடாவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நான் இறங்கியதும் சிரித்துக்கொண்டே பிளம் சாராயத்தை ஊற்றினார்.

"கெய்ஸாவே ஏறி எறங்கியாச்சு, அப்புறம் என்னத்த அளக்குறது? குடிய்யா."

குடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். அளந்திருந்தால் அன்றே பிரித்துத் திரும்பப் பின்னியிருப்பேன். என்னை மட்டும் கேட்கிறீர்களே, அந்த நாடாவைக் கேட்டீர்களா?

மூன்று வாரம் போயிற்று. ஒரு வாலும் வெளியே வரவில்லை. பாதி வேலை செய்தாலும் என் வேலை அப்படி. சனிக்கிழமை ஸ்லாவ்கா வீட்டார் ஹவ்ரானாவுக்கு வந்து இறங்கினார்கள். ஞாயிறும் திங்களும் போன் செய்தேன்.

"லிஃப்ட் ஓடுதா?"

"ஓடுதுப்பா. ஏன் தெனமும் இதையே கேக்கற?"

"எலிஷ்கா அதுல ஏறுறாளா?"

"இன்னும் இல்ல, கம்பளத்துலதான் போறா. நாளைக்கு அவ அப்பா கூட்டிட்டுப் போறாரு."

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைப் பிடிப்பீர்கள், தெரியும். ஏற்றாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் அப்புறம் என் வீட்டு வாசலை மிதிப்பாளா? யோசித்துத்தான் பேசாமல் இருந்தேன். "ஜாக்கிரதையா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, எல்லா நாற்காலிகளும் நிறைந்திருந்தபோது, பிணைப்பு விட்டுப்போனது. நால்வர் இறந்தார்கள். ரிஹார்த் அதில் ஒருவன். விழும்போது குழந்தையைத் தன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறான். அவளுக்கு இடுப்பிலும் காலிலும் முறிவு. இறந்த மற்ற மூவரை எனக்குத் தெரியாது. அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

எலிஷ்கா இருக்கும் மாவட்ட மருத்துவமனை என் வீட்டிலிருந்து கால் மணி நேரம். அதனால் ரிஹார்தை அடக்கம் செய்ததிலிருந்து ஸ்லாவ்கா என்னோடுதான் இருக்கிறாள். பத்தொன்பது நாள் ஆகிறது. இவ்வளவு நாள் அவள் என்னோடு இருந்ததே இல்லை. காலையில் ரொட்டியும் தேநீரும் நான் கொடுக்கிறேன், மருத்துவமனைக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன். நேற்று உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உனக்கு வயசாயிடுச்சுப்பா. உன்ன அனுப்பினவங்க மேலதான் தப்பு" என்றாள். என்னால் பொறுக்க முடியவில்லை. என் பெண் என்னைக் கையாலாகாதவன் என்று நினைத்துப் பரிதாபப்படுகிறாள். அதற்காகத்தான் இன்று வந்தேன்.

தெரிந்தே குறைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டரை மீட்டருக்குப் பதில் ஒரு மீட்டர். ஆறு புரிகளிலும்.

இதில் கையெழுத்துப் போட்டால் அவளுக்குத் தெரிந்துவிடுமே என்கிறீர்கள். தெரியட்டும், ஐயா. முதலில் கோபப்படுவாள், அவள் சுபாவம் அப்படி. பிறகு உட்கார்ந்து யோசிப்பாள். அவளோடு ஒரு வாரம் இருப்பதற்காக இவ்வளவு செய்கிற ஆள், என்னை விட்டால் இனி அவளுக்கு யார் இருக்கிறார்கள்?