ஏழு கொக்கிகள்

எனக்குக் கோப்பை கழுவப் பிடிக்கும், தலைவரே. கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நாற்பது கோப்பைகளை வெந்நீரில் கழுவிக் கவிழ்க்கும்போது, இத்தனை பேர் எனக்குச் சகோதரர்கள் என்று தோன்றும். என் வீட்டில் ஒரே ஒரு கோப்பைதான்.

நம் சங்கத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு சகோதரர் நோயில் படுத்தால், கூடத்துப் பலகையின் ஏழு கொக்கிகளில் கிழமைக்கு ஒருவராகப் பெயர் அட்டையை மாட்டுவோம். நோயாளியின் வீட்டுச் சாவியும் அன்றைய கொக்கியில் தொங்கும். போய்வந்தவர் அதை அடுத்த கொக்கிக்கு மாற்றுவார்.

தனியாக வாழ்ந்த நம் தச்சர் இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது எனக்கு வியாழக்கிழமை மட்டும்தான். அன்று அவர் முதுகைத் துடைத்துவிட்டேன். "உன் கை பஞ்சு மாதிரி இருக்குடா தம்பி" என்றார். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு மற்றவர்களின் முறையை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். "நீங்க குடும்பஸ்தர்ணே. நான் ஒண்டிக்கட்டை, பாத்துக்கறேன்." நன்றி சொல்லித் தந்தார்கள். சலூன்காரர் மட்டும் ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. "அவனுக்குத் தாடி எடுக்கணும்யா. முப்பது வருஷமா அந்த மூஞ்சி என் பொறுப்பு." சலூன்காரரைப் பார்க்கத் தச்சர் விரும்பவில்லை என்று அவரிடமே சொல்லி, ஞாயிறையும் வாங்கிக்கொண்டேன். அது பொய். ஆனால் நோயாளிக்கு அமைதி வேண்டும் அல்லவா?

தச்சர் தினமும் கேட்பார்: "சலூன்காரன் வரலையா?"

"எல்லாருக்கும் வேலைண்ணே."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். நான் போர்வையைச் சரிசெய்வேன். அவர் தாடி வளர்ந்துகொண்டே இருந்தது.

ஐந்தாவது வாரம் ஊன்றுகோலுடன் ஜன்னல்வரை நடந்தார். "இன்னும் பத்து நாள்ல கூடத்துக்கு வந்து, அவனுங்களை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன் பாரு" என்று சிரித்தார். தனியாக நடந்து விழுந்துவிடக் கூடாதே என்று, ஊன்றுகோலை அலமாரியின் மேல் வைத்தேன்.

அடுத்த புதன்கிழமை சொன்னார்: "நாளைக்கு வேற யாரையாவது அனுப்புடா. உன் மூஞ்சியையே பார்த்துச் சலிச்சுப்போச்சு." விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

வியாழன் நான் போகவில்லை. வெள்ளியும் போகவில்லை. சாவி என் சட்டைப்பையில் இருந்தது, அட்டை கொக்கியில் இருந்தது. பலகையைப் பார்த்தவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் வந்து எட்டிப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை கதவைத் திறந்தபோது அலமாரியின் அடியில் கிடந்தார். பக்கத்தில் நாற்காலி கவிழ்ந்திருந்தது. ஊன்றுகோல் மேலேயே இருந்தது. நான் வெளியே பூட்டியிருந்த கதவுவரை தரையில் ஊர்ந்து போய்த் திரும்பியிருக்கிறார் என்பது தூசியில் தெரிந்தது.

டாக்டர் விபத்து என்று எழுதினார். விபத்து இல்லை. ஊன்றுகோலை எட்டாத உயரத்தில் வைத்ததும் நான்தான், சாவியோடு வீட்டில் உட்கார்ந்திருந்ததும் நான்தான். அடக்கத்துக்கு முன் சலூன்காரர் வந்து அவருக்குத் தாடி எடுத்துவிட்டார். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டுமோ அனுப்புங்கள். வாசலிலேயே இருக்கிறேன். ஒரே ஒரு விஷயம். நம் அச்சுக்காரர் நேற்றுப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாராம். அவருக்கும் யாருமில்லை. நீங்கள் சிரமப்பட வேண்டாம், ஏழு கொக்கிகளிலும் என் அட்டையை மாட்டிவிட்டுத்தான் வந்தேன்.