ஒளிக்க இடமில்லாத நாடு

இந்த மன்றத்தை மூன்றாவது ஆண்டாக முன்னின்று நடத்தும் தலைவர் சந்திரமௌலி அவர்களே! செயலாளர் சியாமளா அக்கா அவர்களே! டோர்ட்மண்ட் நகரிலே முதல் கடை திறந்து நமக்கெல்லாம் முகவரி தந்த மூத்தோரே! ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மாரே! நாளை தொழில் தொடங்கும் நினைவோடு இன்று நாற்காலியின்றி நிற்கும் இளையோரே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகின்றேன்.

என் பெயர் ஜெசிந்தன். மன்னாரில் பிறந்தவன். இதே நகரில் இருபத்திரண்டு ஆண்டுகள் பிறருடைய சமையலறைகளில் வெந்தவன். இன்று லக்சம்பர்க் நாட்டில், என் அக்கா அன்ரனிற்றாவோடு சேர்ந்து மதிய உணவு சமைத்துக் கொடுக்கின்றேன். மிகச் சிறிய நாட்டில் தொழில் செய்வதால் என்ன பயன்? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு.

எவ்வளவு சிறிய நாடு? நம் டோர்ட்மண்ட் நகரத்து மக்களோடு இன்னும் கொஞ்சப் பேரைச் சேர்த்தால், முழு நாடும் முடிந்தது! சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அக்கா அங்கே போவோம் என்றபோது, “எட்டுக் கோடிச் சனம் இருக்கிற ஜேர்மனியை விட்டிட்டு ஆரும் அங்கை போவினமோ? உங்களுக்கென்ன விசரோ?” என்று கேட்டவன் நான்தான்.

அக்கா கோபிக்கவில்லை. “எட்டுக் கோடியிலை எத்தினை பேர் எங்களிட்டை வாங்கினவை, சொல்லு பாப்பம்?” என்றார். இங்கே சொந்தமாகச் சமைத்து விற்க முயன்றபோது, இந்தப் பெரிய நாட்டிலே நாங்கள் தட்டிய கதவெல்லாம் பெரிய கதவுகள். “நாளுக்கு ஐயாயிரம் சாப்பாடு தருவீர்களா?” என்று கேட்டார்கள். எங்கள் அடுப்பில் வெந்ததோ இருநூறு! அங்கே போனோம். முதல் ஆள் கேட்டது என்ன தெரியுமா? “நாற்பது சாப்பாடு தர முடியுமா?” நாற்பது! எங்கள் கைக்கு அளவான கேள்வி அன்றுதான் முதன்முதலாக எங்களைத் தேடி வந்தது.

அந்த நாட்டு மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டவர். நீ எங்கிருந்து வந்தாய் என்பதை விட, உன் சாப்பாடு நேரத்துக்கு வருமா என்பதே அங்கே கேள்வி. என்ன அண்ணை, பின்னாலிருந்து கேட்கிறீர்கள்? வாடகையா? ஓம், வாடகை அங்கே அதிகம்தான். மறைக்கவில்லை. பிரெஞ்சும் படிக்க வேண்டும். நான் இன்னும் தடுமாறுகின்றேன்.

ஆனால் இந்தக் கணக்குகளைச் சொல்ல நான் மேடையேறவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வந்தேன். அக்கா, முன்வரிசையில் இருந்துகொண்டு வேண்டாம் என்று கண்ணைக் காட்டுகிறீர்கள். மன்னியுங்கள், சொல்லத்தான் போகின்றேன்.

எங்கள் உணவில் முந்திரி, பாதாம் போன்ற கொட்டை வகை எதுவும் இல்லை என்று ஒவ்வொரு பெட்டியிலும் எழுதியிருக்கும். கொட்டை ஒத்துக்கொள்ளாமல் மூச்சே அடைத்துவிடக்கூடிய பிள்ளைகள் இருக்கும் பராமரிப்பு நிலையங்கள், அந்த எழுத்தை நம்பித்தான் எங்களிடம் வாங்கின. அன்று காலை குழம்புக்கு அரைத்த சூரியகாந்தி விதை போட வேண்டும். நான் பக்கத்து டப்பாவை எடுத்துவிட்டேன். அது எங்கள் வீட்டுச் சமையலுக்கு அரைத்து வைத்த முந்திரிப்பருப்பு. அந்த அறையில் அது இருந்ததே பிழை; அதை அங்கே வைத்தவனும் நான்தான். டப்பாவைக் கழுவப் போனபோதுதான் கண்டேன். நேரம் காலை ஒன்பதே முக்கால். ஒன்பது இடங்களுக்கு முந்நூற்றுப் பத்துப் பெட்டிகள் விநியோக வண்டிகளில் போய் இறங்கிவிட்டன!

என் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன? சொல்ல வெட்கமாக இருக்கிறது. “அக்கா, கொஞ்சந்தானே விழுந்தது. சொல்லாமல் விடுவமோ?”

அக்கா என்னைப் பார்த்தார். “கொட்டை இல்லையெண்டு எழுதி நான் கையெழுத்து வைச்சிருக்கிறன் ஜெசி. வான் வண்டியை எடு. நான் ரெலிபோன் எடுக்கிறன்.”

எட்டு இடங்களில் முதல் அழைப்பிலேயே எங்களைத் தெரிந்த மனிதர் பேசினார். பதிவு செய்த குரல் இல்லை, இலக்கத்தை அழுத்தச் சொல்லும் இசை இல்லை. “பெட்டியைத் திறக்க வேண்டாம்” என்றார் அக்கா. “சரி, அன்ரனிற்றா” என்றார்கள். அவ்வளவுதான்!

ஒன்பதாவது இடத்தில் யாரும் எடுக்கவில்லை. அது நாட்டின் வடக்குக் கோடியில் உள்ள பராமரிப்பு நிலையம். பதினொன்றேகாலுக்கு அங்கே பிள்ளைகள் சாப்பிட உட்காருவார்கள். நாங்கள் இருப்பதோ தெற்குக் கோடி. வண்டியை விரட்டினேன். அக்கா வழி முழுவதும் அழைத்துக்கொண்டே வந்தார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐம்பத்தைந்து நிமிடம்! நண்பர்களே, ஜேர்மனியில் அந்த நேரத்தில் நான் எங்கே நின்றிருப்பேன்? ஏதோ ஒரு நெடுஞ்சாலை நெரிசலில்!

உள்ளே நுழைந்தபோது மணி பதினொன்று ஐந்து. பெட்டிகள் மேசையில். பூங்காவுக்குப் போய் அப்போதுதான் திரும்பிய பிள்ளைகள் வரிசையில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்கா நடந்ததைச் சொன்னார். பொறுப்பாளர் அம்மாவின் முகம் வெளுத்தது. வரிசையில் இரண்டாவதாக நின்ற ஒரு சிறுமியைக் காட்டி, “இவளுடைய பையில் அவசர ஊசி வைத்திருக்கிறோம்” என்றார். அக்கா மேசையிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி வண்டிக்குள் ஏற்றினார். பிறகு கடைக்குப் போய்ப் பாணும் சீஸும் வாழைப்பழமும் வாங்கி வந்து, அத்தனை பிள்ளைகளுக்கும் தன் கையால் கொடுத்தார்.

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அக்காவே அறிவித்தார். அன்று பின்னேரமே அதிகாரி வந்தார். ஆறு நாள் சமையல் நிறுத்தம். இரண்டு வாடிக்கையாளர்கள் விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; நானாக இருந்தாலும் விலகியிருப்பேன். செய்தி நாடு முழுக்கப் பரவிவிட்டது. “இனி இஞ்சை தலை காட்ட ஏலாது அக்கா, டோர்ட்மண்டுக்கே போவம்” என்றேன். “போற எண்டால் கழுவித் துடைச்சுப்போட்டுப் போவம்” என்று அக்கா அலுமாரிகளைத் துடைக்கத் தொடங்கினார்.

ஏழாம் நாள் ரெலிபோன் அடித்தது. எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு நிலையம். கேட்டது ஒரே கேள்வி. “தாமே அழைத்துத் தம் பிழையைச் சொன்னவர்கள் நீங்கள்தானா?” அந்த வடக்கு நிலையத்துப் பொறுப்பாளர் அம்மா, மற்றப் பொறுப்பாளர்களின் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறார். அந்த மாதத்தில் நான்கு புதிய இடங்கள் வந்தன. இருவர் போனார்கள், நால்வர் வந்தார்கள்.

இளையோரே! சிறிய நாட்டின் பயன் என்ன? தூரம் குறைவா? ஓம். பேச வேண்டியவர் நேரே பேசுவாரா? ஓம். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய பயன் வேறு. பெரிய நாட்டிலே ஒருவரை ஏமாற்றிவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம். பெயரை மாற்றிப் பலகை தொங்கவிடலாம். சிறிய நாட்டிலே அடுத்த ஊரும் அதே ஊர்தான்! உன் பிழையும் கால் முளைத்து நடக்கும், உன் நேர்மையும் நடக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும். ஒளிக்க இடம் தேடியவன் நான். ஒளிக்க இடமில்லாத நாடுதான் என்னை வியாபாரியாக்கியது!

எங்கே கடை போடலாம் என்று தேடுகிறீர்களா? எவ்வளவு சனம் என்று கேட்காதீர்கள். எத்தனை பேருக்கு என் முகம் தெரியும் என்று கேளுங்கள். அந்த முகத்தோடு மறுநாளும் அவர்கள் முன் நிற்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், துணிந்து கதவைத் திறவுங்கள்!

ஒரு பிழைகாரனின் கதையைப் பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி. மேடை தந்த தலைவருக்கு நன்றி. சொல்ல வேண்டாம் என்று கண் காட்டியும், சொல்லத் தொடங்கியபின் தடுக்காமல் இருந்த என் அக்காவுக்கு எல்லோரையும் விட அதிக நன்றி. உங்கள் கதவுகளெல்லாம் நல்லவிதமாய்த் திறக்கட்டும். வணக்கம்.