கதவுக்கு மேல் 1642

எஃபி: அது எப்பவும் இங்கதான் இருந்துச்சு.

மர்டோ: நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே, மேடம்.

எஃபி: ஏணி போட்டு கால் மணி நேரமா அந்தக் கல்லையே பாக்குறே. கேக்காம இறங்க மாட்டேன்னு தெரியுது. அப்புறம், மேடம்னா என் ஆடு மேய்க்கிற நாயே சிரிக்கும். எஃபின்னு கூப்பிடு.

மர்டோ: சரி எஃபி. புது ரோடு எந்தப் பக்கமா வருதாம்?

எஃபி: என் அடுப்பங்கரை வழியா. பழைய கட்டடங்களைப் பாக்குற எடின்பரோ ஆபீஸ்லேர்ந்து வந்த நீ, வீடு 1700-க்கு முந்தினதுன்னு எழுதினா ரோடு வளையும். இல்லேன்னா நான் மூட்டை கட்டணும். வாசல்லயே வருஷம் வெட்டியிருக்கு. எழுதிக்கிட்டு, டீ குடிச்சுட்டுப் போ.

மர்டோ: பக்கத்துல ஜே.கே., எம்.பி.ன்னு...

எஃபி: புருஷன் பொண்டாட்டி. கல்யாணமானா வாசல் கல்லுல பேரை வெட்டுறது நம்ம ஊர்ல புதுசா? எங்க முன்னோருங்க.

மர்டோ: நீங்க கெடஸ் குடும்பம். 'கே' எங்கேர்ந்து வந்துச்சு?

எஃபி: அது... அம்மா வழி.

மர்டோ: அம்மா பொறந்த வீடும் கெடஸ்தான். கல்லறைத் தோட்டத்துல பாத்துட்டுத்தான் வர்றேன்.

எஃபி: செத்தவங்களையும் விசாரிச்சாச்சா!

மர்டோ: அவங்கதான் பேச்சை மாத்த மாட்டாங்க. இங்க பாருங்க, 1642-ல அந்தக் கடைசி ரெண்டு... பாதி சுவருக்குள்ள போயிருக்கு. கல்யாண வருஷத்தை எவனாவது பாதி புதைப்பானா? இந்தக் கல்லு இதைவிட அகலமான வாசலுக்கு வெட்டினது.

எஃபி: கொத்தன் குடிச்சிருப்பான்.

மர்டோ: ரெண்டு பக்கத்துக் கல்லுக்கும் ஓரம் சரிவா இருக்கு. மேல இருக்குறதுக்குக் கூர் ஓரம். ஒரே கையா இது?

எஃபி: ரெண்டு கொத்தன். ரெண்டு பேரும் குடிச்சிருந்தாங்க.

மர்டோ: எஃபி... இது வேற வீட்டுக் கல்லு. தூக்கிட்டு வந்து வெச்சது.

எஃபி: தூக்கிட்டு வர அது என்ன ரொட்டித் துண்டா?

மர்டோ: ரெண்டு ஆளால அசைக்க முடியாது. நாலு பேர் வேணும். ஆனா வந்திருக்கு.

எஃபி: அப்படித்தான் எழுதப் போறியா?

மர்டோ: பாத்ததைத்தான் எழுதுவேன்.

எஃபி: அப்போ என் வீடு போச்சு.

மர்டோ: அவசரப்படாதீங்க. கல்லு வேற, வீடு வேற. முன் சுவரு 1780 வாக்குல. ஜன்னல் எல்லாம் அப்போ பெருசாக்கினது. அடுப்பங்கரை அதுக்கும் எழுபது வருஷம் பின்னாடி... சுவர்ல மேலேர்ந்து கீழ ஒரே நேர்க்கோடா பிளவு தெரியுதா? அங்க ஒட்டினது.

எஃபி: என் வீட்டைத் துண்டு துண்டாக்கிட்டே. சந்தோஷமா?

மர்டோ: பரண்ல இன்னொண்ணு இருக்கு. பக்கச் சுவர்ல செங்குத்தா சரிஞ்சு போற ஒரு தடம். பழைய புல் கூரை அங்கதான் சாய்ஞ்சிருந்துச்சு. அப்போ அந்தச் சுவரு இந்த முகப்பைவிட மூத்தது. அதுக்கு நேர் கீழ என்ன அறை?

எஃபி: துணி துவைக்கிற மெஷின் வெச்சிருக்கேன். மேல்கூரை வளைஞ்சு தலையில இடிக்கும்.

மர்டோ: வளைஞ்சா? கல்லாலயா? வாங்க!

எஃபி: மெதுவா போ... ஜாம் பாட்டிலைத் தட்டிடாதே.

மர்டோ: சுவருக்குள்ளயே அலமாரியா இது? எப்போ செஞ்சது?

எஃபி: செய்யல. எப்பவும் இங்கதான்... இது நிஜமாவே எப்பவும் இங்கதான் இருந்துச்சு. குளிர்காலத்துல ஜாம் உறைஞ்சு போகும், அதான் ஏன்னு தெரியல.

மர்டோ: பாட்டிலை எடுங்க. பின்னாடி கையை விடுங்க... இன்னும்... தோள் வரைக்கும்.

எஃபி: காத்து வருது!

மர்டோ: துப்பாக்கி நீட்டுற ஓட்டை. வெளிப்பக்கம் பூச்சு பூசி மறைச்சிருக்காங்க. உள்ளே அகலம், வெளியே குறுகல், அஞ்சடி சுவரு, வளைவுக் கூரை. இது கோட்டை வீடு, எஃபி. 1600-க்கு இந்தப் பக்கம் வராது. என் பேரைப் போட்டு எழுதுறேன். ரோடு வளையும்.

எஃபி: ஐயோ... அப்போ நான் சொன்ன பொய்யைவிட வீடு பழசா?

மர்டோ: அரை நூற்றாண்டு.

எஃபி: உக்காரு. ஜாமே உனக்குத்தான், பாட்டிலோட. ...வாசல் கல்லைப் பத்தி என்ன எழுதுவே?

மர்டோ: ட்ரம்கோர் பண்ணையிலேர்ந்து வந்ததுன்னு.

எஃபி: இவ்வளவு திட்டவட்டமா... கல்லு சொல்லுச்சா?

மர்டோ: அங்க நாலு சுவருதான் நிக்குது, கூரை இல்ல. வாசலுக்கு மேல கல்லைப் பேத்தெடுத்த வெறும் பள்ளம். பள்ளத்தோட நீளம் எனக்கு மனப்பாடம். எங்க குடும்பத்து வீடு அது. ஜே.கே. எங்க ஆளு. யாரோ திருடிட்டாங்கன்னு அம்மா சொல்லுவாங்க. அப்பா மட்டும் வாயே திறக்க மாட்டாரு. இன்னைக்கு உங்க வாசல்ல காரை நிறுத்தினதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு... திருடினது உங்க அப்பாதானே?

எஃபி: நீ நீட்டின அட்டையில மர்டோ கின்னியர்னு பாத்ததுமே எனக்கும் தெரிஞ்சுபோச்சு தம்பி. நாலு பேர் வேணும்னு சொன்னியே, கணக்கு சரி. எங்கப்பா, ரெண்டு சித்தப்பா... நாலாவது உங்கப்பா. கூரை இல்லாத வீட்டுக்கு வரி இல்லைன்னு, கட்ட முடியாம உங்கப்பா தன் கையாலயே கூரையைப் பிரிச்ச மறுநாள் அது. எனக்கு ஒன்பது வயசு, பக்கத்துல நின்னேன். ஆளுங்க போய்வர்ற வாசல்லதான் இது இருக்கணும்னாரு. அப்புறம் என்னைப் பாத்து, யார் கேட்டாலும், என் வீட்டு ஆளே வந்து கேட்டாலும், எப்பவும் இங்கதான் இருந்துச்சுன்னு சொல்லுன்னாரு.