ஐரின் தேற்றம்

வேணாம் பிரகாஷ், அந்தச் சந்துல எல்லாம் டாக்ஸியை விடாதீங்க. மாரத்தஹள்ளி டிராஃபிக்ல எல்லாரும் எப்படி நிக்கிறாங்களோ அப்படியே நிப்போம். சீக்கிரம் போய் என்னத்தைக் கிழிக்கப் போறேன். ஒயிட்ஃபீல்டு காலேஜ்ல மேடையேறி, ஐரின் தேற்றம்னு ஒரு கணக்கைப் பத்திப் பேசணும். அதுக்குன்னே வெளியூர்ல இருந்தெல்லாம் ஆளுங்க வந்திருக்காங்க. அந்தக் கணக்கு தப்புன்னு காலையிலதான் எனக்குத் தெரிஞ்சுது.

சிரிங்க, பரவால்ல. கணக்கு வாத்தியார்தான் நான். ஆனா கூட்டல் கழித்தல்ல வந்த தப்பு இல்லப்பா. ஒரு இடம் இருக்குன்னு வெச்சுக்குங்க, அதுல எங்க ஓட்டைன்னு பார்க்க ரெண்டு வழி. உள்ள எறங்கித் துழாவுறது ஒண்ணு, ஹோமாலஜின்னு பேரு. மேல இருந்தே அளவெடுத்துக் கண்டுபிடிக்கிறது இன்னொண்ணு, கோஹோமாலஜி. ஒழுங்கான இடத்துல ரெண்டும் ஒரே பதில் சொல்லும். பாய்ஸான் மேனிஃபோல்டுன்னு ஒரு ரகம், அங்கதான் வம்பு. எதைத் தொட்டாலும் ஒரு ஓட்டம் கிளம்பிடும். அந்த ஓட்டம் எதுலயும் கூடாம குறையாம நிக்கிற மாதிரி ஒரு அளவு கிடைக்கணும். கிடைச்சா ரெண்டு வழியும் ஒத்துப்போகும். கிடைக்கலைன்னா இது ஒரு பதில் சொல்லும், அது ஒரு பதில் சொல்லும்.

ஒரு வகை இடத்துல அந்த அளவு கட்டாயம் கிடைக்கும்னு சொன்னது ஐரின். துண்டு துண்டாப் பார்த்தா எல்லாத்துலயும் கிடைக்குது, வாஸ்தவம். எல்லாத்தையும் சேர்த்தா ஒட்டும்ங்கிறது தெளிவுன்னு ஒரு வரி எழுதியிருக்கு. தெளிவுன்னு எழுதுற இடத்துலதான் எங்க ஆளுங்க எல்லாரும் குப்புற விழுவாங்க.

அப்படி ஒட்டாத ஒரு இடத்தை வைஷ்ணவி கண்டுபிடிச்சிட்டா. என்கிட்ட ரிசர்ச் பண்ற பொண்ணு. போன்ல சொல்ல மனசு வரலைன்னு விடியக்காலையிலயே வீட்டு வாசல்ல வந்து நிக்கிறா. நானும் முட்டி மோதிப் பார்த்தேன், ஒரு வழியும் இல்ல. பாவம் அழுதுட்டா. சார், நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்னுட்டா. எனக்கு அதுதான் தாங்கல. முதமுதலா உருப்படியா ஒண்ணு கண்டுபிடிச்ச பொண்ணு, அதை முழுங்கிட்டு உக்காரணுமா?

ரிப்பேரா? அதெல்லாம் ஆகாதுப்பா. அவ காட்டின ஒண்ணு அங்க இருக்கு, அதை நாம இல்லைன்னு ஆக்க முடியாது.

அந்த ஐரின் மேடத்துக்கே போன் போட்டு, அவங்களையே வந்து சொல்லச் சொல்றதா? நியாயமாத்தான் கேக்குறீங்க. இருங்க, முன்னாடி நகருது, லெஃப்ட்ல ஏத்துங்க. காலேஜுக்கு ரெண்டு கேட் உண்டு, முதல் கேட்ல விட்டுடாதீங்க. அடுத்த கேட்ல ஒரு அம்மா படம் வெச்சிருப்பாங்க. கண்ணாடி போட்டு, கொஞ்சம் கோணலா சிரிச்சிக்கிட்டு. மாலை போட்டிருப்பாங்க. அங்க நிறுத்துங்க.

ம். அவதான். விவேக் நகர் சர்ச் வாசல்ல என்னை ஏத்துனீங்களே, அங்க அவளுக்குத்தான் வருஷ நினைவுப் பூசை வெச்சிருந்தோம். என் சம்சாரம்.

எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல பிரகாஷ். அவ பேர் சொல்லிக்கிட்டு இருந்தது அந்தக் கணக்கு ஒண்ணுதான். அதை மேடையில அவ படத்துக்குப் பக்கத்துல நின்னு நானே இல்லைன்னு சொல்லணும்.

அவ இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பாளா? வைஷ்ணவி கையைப் பிடிச்சு மேடைக்கு இழுத்திருப்பா. என்னைப் பார்த்து, விடு தேசிகா, வேற பார்ப்போம்னுட்டு டீ குடிக்கப் போயிருப்பா. எனக்கு வேற எதுவும் இல்லையேப்பா.

பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க. போங்க.