குதிரைக்காரரின் என்ட்ரி

அமெரிக்காவில், சான்டா கிளாரா தியேட்டர் ஒன்றில் ஒரு பூட்டான் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் படம் ஓடியபின், எனக்கு முன்வரிசையிலிருந்த ஒருவர் தன் மனைவியிடம் கேட்டார்.

“ஹீரோ எப்பதான் வருவான்?”

“அந்தக் குதிரைக்காரர்தாங்க ஹீரோ. முதல் சீன்லேர்ந்து நடந்துக்கிட்டேதான இருக்கார்.”

“என்ட்ரியே குடுக்கலையே. சும்மா குறுக்க போறவன்னு நினைச்சேன்.”

“பூட்டான்ல இப்பதான் நிறைய படம் எடுக்க ஆரம்பிச்சிருக்காங்களாம். பொறுமையா பாருங்க.”

“இன்டர்வெலும் விட மாட்டேங்கறான். கிளம்பலாமா? ஃப்ரீவேல டிராஃபிக் ஆயிடும்.”

அவர் காலாட்டியதில் அந்த வரிசையே அதிர்ந்தது. திரையில் பனி கொட்டத் தொடங்கியது. மனைவி பெருமூச்சுடன் கைப்பையை எடுத்தார்.

“சரி, வாங்க, போலாம்.”

அவர் காலாட்டுவது நின்றிருந்தது.

“இரு. குதிரை நொண்டுது. அந்தாள் வீடு போய்ச் சேரட்டும்.”